பயாப்ஸி நார்மல், வலி மட்டும் நிஜம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் நாளிதழின் மருத்துவக் கேள்வி-பதில் பகுதியில் சென்ற வாரம் ஒரு வாசகி தன் தொல்லையை எழுதியிருந்தார். அடிக்கடி வயிற்றுவலி, சாப்பிட்டதும் வயிறு உப்பிக்கொள்கிறது, சில நாள் பேதி, சில நாள் மலச்சிக்கல். கொலோனோஸ்கோப்பி பார்த்தாயிற்று, பயாப்ஸியும் எடுத்தாயிற்று, எல்லாம் நார்மல். அப்புறம் ஏன் வலிக்கிறது என்று கேட்டிருந்தார். வந்த பதில் நாலே வரி. "இது எரிச்சல் குடல் நோய். குடலில் ஒன்றுமில்லை. எல்லாம் மனதில்தான். கவலையை விட்டால் தானாகச் சரியாகிவிடும்."

முதல் வரி பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். மற்ற மூன்று வரிகளுக்காகத்தான் இந்தக் கடிதம். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் டாக்டர் இல்லை. நோயியல் ஆய்வகத்தில் திசு வெட்டுகிற வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். குடலிலிருந்து கிள்ளி எடுக்கும் துணுக்கு இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்கும், ஃபார்மலினில் மிதந்துகொண்டு எங்களிடம் வரும். அதை மெழுகில் புதைத்து பிளாக் ஆக்கி, மைக்ரோடோம் என்ற சீவும் கருவியில் 4, 5 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்றால் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கனத்துக்குச் சீவி, வெதுவெதுப்பான தண்ணீரில் மிதக்கவிட்டு, சுருக்கம் விழாமல் கண்ணாடி ஸ்லைடில் ஏந்தி, சாயம் ஏற்றி டாக்டர் மேஜைக்கு அனுப்புவது எங்கள் வேலை. ரிப்போர்ட்டில் எங்கள் பெயர் வராது. ஆனால் 'நார்மல்' என்று எழுதுவதற்கு முன் ஸ்லைடில் எதெல்லாம் தெரிந்திருக்கும், எதெல்லாம் தெரிந்திருக்காது என்பது எங்களுக்கு அத்துப்படி.

வழக்கமாகப் போடும் சாயம் ஹிமாடாக்ஸிலின்-இயோசின். செல்லின் கரு நீலமாகவும் மற்றதெல்லாம் இளஞ்சிவப்பாகவும் தெரியும். புற்று இருந்தால் அதில் தெரியும். புண், சீழ் செல்களின் கூட்டம், சுரப்பிகள் சிதைந்துபோனது எல்லாமே தெரியும். குடலில் தேட வேண்டிய பெரிய ஆபத்துகள் இவைதான் என்பதால் அந்தச் சாயமே போதும் என்று விட்டுவிடுகிறோம், அதில் தப்பில்லை. ஆனால் மாஸ்ட் செல் என்று ஒன்று உண்டு. நோய் எதிர்ப்பு மண்டலத்தைச் சேர்ந்தது. இந்தச் சாயத்தில் அது பக்கத்துச் செல்களோடு கலந்து, கண்ணில் சிக்காமல் நழுவிவிடும். அதைப் பார்க்க டொலுயிடின் ப்ளூ மாதிரி வேறு சாயம் வேண்டும். சுற்றியுள்ளதெல்லாம் நீலமாக நிற்க, மாஸ்ட் செல்லுக்குள் நிறைந்திருக்கும் குருணைகள் மட்டும் செவ்வூதாவாக மாறும். பால் எர்லிக் 1878இல், மருத்துவ மாணவராக இருந்தபோதே, இப்படிச் சாயங்களோடு மல்லுக்கட்டித்தான் இந்தச் செல்லை அடையாளம் காட்டினார்.

அந்தக் குருணைகளில் ஹிஸ்டமின், டிரிப்டேஸ் என்று பல பொருட்கள் அடைபட்டிருக்கின்றன. தோலில் தடிப்பு வருவதும், மூக்கில் தண்ணீராகக் கொட்டுவதும் இந்த ஹிஸ்டமின் வேலைதான். குடலில் அது கொட்டினால் தடிப்பை யார் பார்ப்பது? பக்கத்தில் இருக்கும் நரம்புதான் உணரும்.

இத்தாலியின் போலோன்யாவில் ஒரு குழு 2004இல் இதைத்தான் அளந்து வெளியிட்டது. எரிச்சல் குடல் நோயாளிகளின் பெருங்குடல் துணுக்குகளில், நரம்பிலிருந்து 5 மைக்ரானுக்குள் ஒட்டி நிற்கும் மாஸ்ட் செல்களை எண்ணினார்கள். நோயில்லாதவர்களைவிடச் சுமார் மூன்று மடங்கு இருந்தது. அதோடு நிற்கவில்லை. யாருக்கு அந்த நெருக்கம் அதிகமோ அவர்களுக்கு வலியும் கடுமையாக, அடிக்கடி வந்தது. 5 மைக்ரான் என்றால் நான் சீவும் ஒரு சீவலின் கனம். படித்தபோது இந்த இடத்தில்தான் எனக்குச் சுரீர் என்றது. எத்தனை வருடங்களாக இதே துணுக்குகள் என் கையில் வந்து போயிருக்கின்றன!

எனக்கும் இதே நோய்தான். ஒரு பயணத்தில் குடித்த தண்ணீரால் காய்ச்சலும் வயிற்றுப்போக்குமாகப் படுத்தேன். காய்ச்சல் விட்டது, மலப் பரிசோதனையும் சுத்தமாக வந்தது. வயிறு மட்டும் பழையபடி திரும்பவில்லை. சாப்பாடு இறங்கியதும் இடப்பக்க அடிவயிற்றில் முறுக்கும். கழிவறை போய்வந்தால் கொஞ்சம் தணியும். பார்த்த டாக்டர் ரிப்போர்ட்டைப் புரட்டிவிட்டு, "ஒன்றுமில்லையம்மா, யோசனையைக் குறையுங்கள்" என்றார். அந்த பயாப்ஸியை வெட்டியதே நான்தான். எங்கள் நோயியல் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, அதே பிளாக்கிலிருந்து இன்னொரு சீவல் எடுத்து டொலுயிடின் ப்ளூ போட்டுப் பார்த்தேன். சுரப்பிகளுக்கு நடுவே செவ்வூதாப் புள்ளிகள் சிதறிக் கிடந்தன. ஒன்றிரண்டு செல்கள் குருணைகளை வெளியே கொட்டியிருந்தன. உடனே 'பார்த்தீர்களா!' என்று கிளம்பிவிட முடியாது. நல்ல குடலிலும் மாஸ்ட் செல் உண்டு. இடுக்கி கிள்ளும்போதே சில கொட்டிவிடும். எத்தனை இருந்தால் அதிகம் என்பதற்கு எல்லோரும் ஒப்புக்கொண்ட எண்ணும் கிடையாது. ஆகவே இதைப் படித்துவிட்டு யாரும் போய் "எனக்கும் அந்த ஊதாச் சாயம் போடுங்கள்" என்று கேட்க வேண்டாம். தனி ஒருவருக்கு அதனால் நோயை உறுதி செய்ய முடியாது. என் ஸ்லைடை இன்னும் பத்திரமாக வைத்திருக்கிறேன் என்பது வேறு விஷயம்.

தொற்று வந்து போன பிறகு இந்த நோய் தொடங்குவது புதிதும் அல்ல, அபூர்வமும் அல்ல. ஆக்ஸ்ஃபோர்டில் 130 நோயாளிகளின் கதையைக் கேட்டு 1962இல் எழுதியவர்களே, சுமார் கால்வாசிப் பேருக்கு வயிற்றுக்கடுப்பு மாதிரி ஏதோ ஒன்றைத் தொடர்ந்துதான் ஆரம்பித்தது என்று குறித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு, யாரும் விரும்பிச் செய்திருக்க முடியாத பெரிய ஆய்வு ஒன்று தானாக அமைந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் வாக்கர்ட்டன் என்று சின்ன ஊர். 2000ஆம் ஆண்டு மே மாதம் கனமழையில் கால்நடைச் சாணம் கலந்த தண்ணீர் ஊர்க் கிணற்றில் இறங்கியது. குளோரின் ஒழுங்காகக் கலக்கவில்லை. ஈ.கோலை, கேம்பைலோபேக்டர் என்ற கிருமிகள் குழாய் வழியே வீடு வீடாகப் போயின. 2,300 பேருக்கு மேல் நோய்வாய்ப்பட்டார்கள், 7 பேர் இறந்தார்கள். மருத்துவர்கள் அந்த ஊரை விட்டுவிடாமல் பின்தொடர்ந்தார்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, அந்தச் சமயத்தில் வயிற்றுப்போக்கே வராதவர்களில் நூற்றுக்கு 10 பேருக்கு எரிச்சல் குடல் நோய் இருந்தது. வயிற்றுப்போக்கு வந்ததென்று மருத்துவக் குறிப்புகளிலும் பதிவானவர்களில் நூற்றுக்கு 36 பேருக்கு இருந்தது. எட்டு ஆண்டுகள் கழித்தும் முழுக்க ஒழியவில்லை, ஆனால் அளவு நன்றாகக் குறைந்திருந்தது. இத்தனை பேரும் ஒரே மாதத்தில் திடீரென்று மனக்கவலைக்காரர்கள் ஆகிவிட்டார்களா என்ன?

கிருமி போன பிறகும் குடல் ஏன் சும்மா இருப்பதில்லை? இங்கேதான் நோய் எதிர்ப்பு மண்டலம் முழுதாகக் கதைக்குள் வருகிறது. குடலின் உள்சுவர் ஒரே ஒரு செல் அடுக்கு. அதற்கு அப்பால் உணவும் கோடானுகோடி பாக்டீரியாவும், இப்பால் நம் உடம்பு. அதனால்தான் எதிர்ப்புச் செல்கள் குடலோரமாக ஏராளமாகக் குடியிருக்கின்றன. அவற்றுக்கு இரண்டு வேலை. கிருமியோடு சண்டை போட வேண்டும், சாப்பாட்டோடு சண்டை போடக் கூடாது. இரண்டாவது வேலைதான் கடினம் என்று எனக்குத் தோன்றுகிறது.

பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் கீ பூக்ஸ்டான்ஸ் என்பவரின் குழு 2021இல் நேச்சர் இதழில் வெளியிட்ட ஆய்வு இதைத் தொட்டது. எலிகளுக்குக் குடல் தொற்றை உண்டாக்கி, தொற்று இருக்கும்போதே முட்டை வெள்ளைப் புரதத்தைக் கொடுத்தார்கள். தொற்று முழுக்கப் போன பிறகு அதே புரதத்தை மறுபடி கொடுத்தால் குடல் வலிக்குரிய எதிர்வினை வந்தது. தொற்று வராத எலிகளுக்கு அதே புரதம் ஒன்றும் செய்யவில்லை. சூடு கண்ட பூனை ஆறிய பாலைக் கண்டும் ஓடுமே, அந்தக் கதைதான். சண்டை நடந்த நேரத்தில் பக்கத்தில் நின்ற சாப்பாட்டையும் சேர்த்து எதிரிப் பட்டியலில் எழுதிக்கொண்டது குடல். அந்தப் பட்டியல் ஐ.ஜி.இ. என்ற எதிர்ப்பொருளாகக் குடலோரத்திலேயே தங்கிவிடுகிறது, ரத்தத்தில் வருவதில்லை. அடுத்த முறை அந்த உணவு வந்ததும் எதிர்ப்பொருள் மாஸ்ட் செல்லைத் தட்டிவிட, ஹிஸ்டமின் கொட்டி, பக்கத்து நரம்பைக் கூர்மையாக்கிவிடுகிறது.

எலியோடு நிற்காமல் மனிதரிலும் பார்த்தார்கள். கோதுமை, கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதம், சோயா, பால் இந்த நாலின் சாற்றையும் துளித்துளியாகப் பெருங்குடலின் உள்சவ்வில் ஊசியால் ஏற்றினார்கள். எரிச்சல் குடல் நோயாளிகள் 12 பேர். பன்னிரண்டு பேருக்கும் ஏதாவது ஒன்றுக்காவது அந்த இடம் வீங்கியது. நோயில்லாத 8 பேரில் இரண்டு பேருக்கு மட்டும். சின்ன எண்ணிக்கைதான், எனக்கும் தெரிகிறது. ஆனாலும், "இதைச் சாப்பிட்டால் எனக்கு வயிறு படுத்துகிறது" என்று சொல்லி, ரத்தத்திலும் தோலிலும் அலர்ஜி பரிசோதனை செய்து, ஒன்றுமில்லை என்று திரும்பி வந்து, வீட்டில் பேச்சு வாங்கியவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று யோசித்துப் பாருங்கள்.

கூர்மையான நரம்பு என்று சொன்னேன். அது இன்னும் பழைய சங்கதி. 1973இலேயே ரிட்சி என்ற ஆய்வாளர் பெருங்குடலின் கடைசிப் பகுதிக்குள் பலூனை வைத்து ஊதிப் பார்த்தார். 60 மில்லி அளவுக்கு ஊதியதும் நோயாளிகளில் பாதிக்கு மேற்பட்டவர்கள் வலிக்கிறது என்றார்கள். நோயில்லாதவர்களில் நூற்றுக்கு 6 பேர்தான் சொன்னார்கள். ஒரே வாயு, ஒரே அளவு. ஒருவருக்குத் தெரியவே தெரியாது, இன்னொருவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். மிளகாயின் காரத்தை உணர்கிற அதே டி.ஆர்.பி.வி.1 என்ற ஏற்பி குடல் நரம்புகளிலும் இருக்கிறது, ஹிஸ்டமின் அதை உசுப்பிவிடுகிறது என்று லூவன் குழு 2016இல் காட்டியது.

சரி, மனதுக்கு இதில் பங்கே இல்லையா? இருக்கிறது. மேடையேறிப் பேசப் பயந்த நாளில் வயிறு கலக்காதவர் யார்? ஆனால் அந்தப் பங்கு எந்த வழியாக வருகிறது என்பதைப் பாருங்கள். லூவனிலேயே 2014இல் வெளிவந்த ஒரு சோதனை. ஆரோக்கியமான இளைஞர்களை மற்றவர்கள் முன்னால் பேசவைத்தார்கள். பதற்றத்தில் கார்ட்டிசால் என்ற ஹார்மோன் ஏறியவர்களுக்குச் சிறுகுடலின் சுவர் கசியத் தொடங்கியது. மாஸ்ட் செல்லைக் கொட்டவிடாமல் பிடித்துவைக்கும் மருந்தை முன்கூட்டியே கொடுத்தபோது அந்தக் கசிவு வரவில்லை. ஆக மனசின் பயமும் அதே மாஸ்ட் செல்லைத்தான் தட்டுகிறது. தொற்று வந்தவர்களில், அந்தச் சமயம் வாழ்க்கையில் பெரிய இடி விழுந்தவர்களுக்கு இந்த நோய் ஒட்டிக்கொள்வது அதிகம் என்பதும் பழைய ஆய்வுகளில் வந்த விஷயம்தான். மனப் பயிற்சியும், மனச்சோர்வுக்கான அமிட்ரிப்டிலின் மாத்திரையைக் குறைந்த அளவில் கொடுப்பதும் இந்த நோயில் பலருக்கு உதவுகின்றன. அதற்காக 'எல்லாம் மனதில்தான்' என்று எழுதினால், படிக்கிறவருக்கு 'நீ நடிக்கிறாய்' என்றுதான் காதில் விழும்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாராவது, எதிர்ப்பு மண்டலத்தை அடக்கும் மருந்தைப் போட்டால் தீர்ந்தது என்று நினைத்தால் அதுவும் நடக்கவில்லை. இங்கிலாந்தின் நாட்டிங்ஹாமில், தொற்றுக்குப் பிறகு இந்த நோய் வந்தவர்களுக்கு மூன்று வாரம் ஸ்டீராய்டு கொடுத்துப் பார்த்தார்கள். 2003இல் முடிவு வந்தது. குடலில் டி செல்கள் என்ற எதிர்ப்புச் செல்கள் குறைந்தன, வலியோ பேதியோ குறையவில்லை. குடலைப் புண்ணாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸுக்குக் கொடுக்கும் மெசலசின் மருந்தும் பெரிய சோதனைகளில் தோற்றது. ஹிஸ்டமினைத் தடுக்கும் எபாஸ்டின் மாத்திரை 2016இல் சின்னச் சோதனையில் நம்பிக்கை தந்தது. 202 பேரை வைத்துச் செய்த சோதனை 2024இல் வந்தபோது, மாத்திரை எடுத்தவர்களில் நூற்றுக்கு 12 பேருக்கும், மருந்தில்லா மாத்திரை எடுத்தவர்களில் 4 பேருக்கும் தெளிவான பலன். வித்தியாசம் உண்டு, கொண்டாடும் அளவுக்கு இல்லை. இந்த ஒரே பெயருக்குள் பல வழியாக வந்து சேர்ந்த நோய்கள் கலந்து கிடக்கின்றன என்பதுதான் என் எண்ணம். மாஸ்ட் செல் ஒரு வழி. குடல் அசைவு, பாக்டீரியா, பித்த அமிலம் என்று வேறு வழிகளும் உண்டு.

இன்னொரு குழப்பத்தையும் உங்கள் பகுதி தீர்த்துவைத்திருக்கலாம். கிரோன் நோயும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸும் வேறு. அவற்றில் எதிர்ப்புச் செல்கள் படையெடுத்து வந்து குடலைப் புண்ணாக்கும். என் வழக்கமான சாயத்திலேயே அது தெரிந்துவிடும், மலத்தில் கால்புரோடெக்டின் என்ற, அழற்சியைக் காட்டும் புரதமும் ஏறியிருக்கும். எரிச்சல் குடல் நோயில் அந்தப் புண் வராது, அது வளர்ந்து புற்றாகவும் ஆகாது. இந்த ஆறுதலை நாலு வரியில் ஒரு வரியாகச் சொல்லியிருந்தாலே அந்த வாசகிக்கு உபயோகப்பட்டிருக்கும். மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது, ரத்தசோகை, தூக்கத்தைக் கலைத்து எழுப்பும் பேதி, ஐம்பது வயதுக்கு மேல் புதிதாகத் தொடங்கும் தொல்லை, குடும்பத்தில் குடல் புற்று இருப்பது இதெல்லாம் இருந்தால் காத்திருக்கக் கூடாது என்பதையும் அதே இடத்தில் அச்சிட்டிருக்கலாம்.

அப்புறம் ஒரு சங்கடமான விஷயம். அந்தப் பதிலுக்கு நேர் கீழே, அதே பக்கத்தில், 'நோய் எதிர்ப்பு சக்தியைப் பெருக்கும்' பொடி ஒன்றின் விளம்பரம். விளம்பரமில்லாமல் பத்திரிகை நடத்த முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் இந்த நோயில் எதிர்ப்பு மண்டலம் தூங்கிக்கொண்டிருக்கவில்லை, தேவைக்கு மேல் விழித்துக்கொண்டிருக்கிறது. அதை மேலும் பெருக்கி என்ன செய்வது? நூறு உணவுகளுக்கு ஒரே ரத்தத்தில் ஐ.ஜி.ஜி. என்ற வேறொரு எதிர்ப்பொருளைப் பார்த்துச் சொல்கிறோம் என்று வரும் பரிசோதனைகளும் இதே ரகம். ஐ.ஜி.ஜி. இருந்தால் அந்த உணவை உடம்பு சந்தித்திருக்கிறது என்றுதான் அர்த்தம். அலர்ஜி மருத்துவர்களின் சங்கங்களே அதை நம்பி உணவை ஒதுக்க வேண்டாம் என்கின்றன. அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு உணவாக விட்டு, கடைசியில் சாப்பிட எதுவும் மிஞ்சாமல் மெலிந்தவர்களின் பயாப்ஸியும் எங்கள் மேஜைக்கு வந்திருக்கிறது.

அந்த வாசகிக்கு இன்னொரு தகவல் அவசரமாகப் போய்ச்சேர வேண்டும். கேள்வியின் கடைசியில், கோதுமையை நிறுத்திப் பார்க்கட்டுமா என்று கேட்டிருந்தார். உங்கள் பதிலில் அதற்கு ஒரு சொல் கூட இல்லை. நிறுத்துவதற்கு முன்பே சீலியாக் நோய்க்கான ரத்தப் பரிசோதனையைச் செய்துவிட வேண்டும். அது கோதுமையின் குளூட்டனால் தூண்டப்பட்டு, நிஜமாகவே எதிர்ப்பு மண்டலம் குடலைத் தாக்கும் நோய். அறிகுறிகள் அச்சு அசலாக எரிச்சல் குடல் நோய் மாதிரியே இருக்கலாம். அவருக்கு எடுத்த பயாப்ஸி பெருங்குடலிலிருந்து வந்தது, சீலியாக் காட்டும் சேதமோ சிறுகுடலில் இருக்கும். அதனால் அந்த 'நார்மல்' இதைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. கோதுமையை முதலில் விட்டுவிட்டு அப்புறம் ரத்தம் கொடுத்தால், நோய் இருந்தும் இல்லை என்று வந்துவிடக்கூடும். அடுத்த வாரப் பகுதியில் இந்த ஒன்றையாவது, முடிந்தால் அந்தப் பொடி விளம்பரத்துக்கு மேலே, போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆய்வகப் பணியாளர்
(பெயரை வெளியிட வேண்டாம்)